தலெந்தா கடையில் அடித்துவிட்ட வரி

தலெந்தாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவள் கோபத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. துனிசியாவில் எங்கள் ஊரான ஐன் கெமூனில் அவளுடைய ஜெராக்ஸ் கடைக்குப் போய்த் திட்டு வாங்காமல் திரும்பிய ஒருவரை நான் பார்த்ததில்லை. நான் ஸக்கிய்யா. கடைக்கு நேர் எதிரே தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். எனக்கும் கோபம் வரும். ஆனால் எனக்கு யாராவது வந்து கிளப்பிவிட வேண்டும். அவளுக்குக் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே கூடவே ஏறிவிடும்.

எங்கள் கட்டுரைக் குழு பிறந்ததே ஒரு சண்டையில்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருஷா வருஷம் 'எங்கள் ஊரின் ஊற்று' என்று ஒரே கட்டுரையை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வந்து, மேலே பெயரை மட்டும் மாற்றி அச்செடுத்துக்கொண்டு போவார்கள். வாத்தியார்களும் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுவார்கள். ஒருநாள் ஒரு பையன் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, வகுப்பு முழுவதற்கும் சேர்த்து நகல் கேட்டான். தலெந்தா அந்தத் தாளை அவன் நெஞ்சிலேயே அறைந்தாள்.

"டேய், இந்த ஊத்து எங்க இருக்குன்னு தெரியுமாடா உனக்கு?"

"நெட்டுல போட்டிருக்கு அக்கா."

"நெட்டுலயா! பின்கதவைத் தொறந்து நாலடி வெச்சா உன் காலு நனையும்டா! போய் ஒரு தடவையாவது எட்டிப் பாத்துட்டு வா. அப்புறம் வா ஜெராக்ஸுக்கு!"

அன்று சாயங்காலமே கடைக் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். ஊரைப் பற்றி விசாரித்து எழுத நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் வரலாம், திருடி எழுதுபவர்கள் இந்தப் பக்கம் தலை வைக்க வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. முதல் ஞாயிறு நானும் ஹாத்தெமும்தான் போனோம். ஹாத்தெம் சட்டம் படித்தவன். வேலை கிடைக்காமல் வருஷக்கணக்காகக் காப்பிக் கடை நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு யார் யாரோ வந்தார்கள், திட்டு தாங்காமல் போனார்கள். தங்கியது நாங்கள் மூவரும், பின்னால் வந்த முபாரகாவும்.

எங்கள் வேலை முறை ஒன்றும் கடினமானதில்லை. ஒருவர் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய் ஆட்களைக் கேட்டு எழுத வேண்டும். எழுதியதை முதலில் ஒரே ஒருவர் படித்துத் திருத்துவார். அவரை 'முதல் கண்' என்போம். அதற்குப் பிறகு எல்லோருக்கும் நகல். ஆளுக்கொரு பென்சில். எந்த வரியையாவது நம்ப முடியவில்லை என்றால் ஓரத்தில் 'யார் பார்த்தது?' என்று எழுதுவோம். பதில் சொல்ல ஆள் இல்லாத வரியை அடித்துவிடுவோம். தலெந்தா இதில் அப்பன் பிள்ளை பார்க்க மாட்டாள். அவளுடைய சொந்தக் கட்டுரையிலேயே பாதிப் பக்கத்தை அடித்துக் கொடுத்தேன், ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

வாய் திறக்கக் கூடாது என்ற சட்டம் ஹாத்தெமால் வந்தது. சந்தையை ஊருக்கு வெளியே மாற்றியதைப் பற்றி அவன் முதல் கட்டுரை எழுதினான். நாங்கள் ஒரு குறை சொன்னால் அவன் ஒன்பது காரணம் சொன்னான். தேநீர் ஆறிப்போயிற்று, தொழுகைக்கு அழைத்தார்கள், அவன் இன்னும் இரண்டாம் பத்தியைத் தாண்டவில்லை. தலெந்தா செல்லோடேப்பை எடுத்து மேசையில் ணங்கென்று வைத்தாள்.

"இன்னொரு வார்த்தை பேசு, இதை எடுத்து உன் வாயில ஒட்டுறேன். எழுதுனவன் வாயைத் தொறக்கப்படாது. எல்லாரும் சொல்லி முடிக்கற வரைக்கும் கேளு. கேக்கறதுக்குத்தான் படைச்சவன் ரெண்டு காது வெச்சிருக்கான்."

அன்றிலிருந்து அதுவே சட்டம். உண்மையைச் சொன்னால் நல்ல சட்டம்தான். அதற்குப் பிறகு எங்கள் கட்டுரைகள் தேறின. மலைக்கிராமத்துப் பெண்பிள்ளைகள் ஏன் பாதியில் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று நாங்கள் நாலு மாதம் அலைந்து எழுதியதைத் துனிஸில் ஒரு சங்கம் புத்தகத்தில் போட்டது. சிரீன் என்று அந்தச் சங்கத்துப் பெண் காரில் வந்து எங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள்.

முபாரகா மேலே மலையில் இருக்கும் குடியிருப்பைச் சேர்ந்தவள். பருவத்துக்குத் தக்கபடி ஒலிவம், மிளகாய், பாதாம் என்று பறிப்பு வேலைக்குப் பிக்கப் வண்டியில் போய் வருபவள். பள்ளி இறுதி வரை போகவில்லை, ஆனால் எழுதத் தெரியும். ஏதோ நகல் எடுக்க வந்தவள், தலெந்தா ஹாத்தெமைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்ததைப் பார்த்து வாசலில் நின்று சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" என்று தலெந்தா திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல அக்கா. எங்க மாமியா ஞாபகம் வந்துருச்சு."

ஹாத்தெம் வாய்விட்டுச் சிரித்தான். தலெந்தா இருவரையும் முறைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு. உன் மாமியாளைப் பத்தியே எழுது" என்று பென்சிலை நீட்டினாள். முபாரகா உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறும் வந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அந்தப் பிக்கப் வண்டி கவிழ்ந்தது. விடியற்காலை, ஓடை வளைவில். மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். அதில் ஒருத்தி முபாரகாவின் தங்கை ஸல்ஹா. நாங்கள் துக்கத்துக்குப் போய் வந்தோம். விசாரணை அறிக்கை பத்திரிகையில் வந்தபோது நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் வைத்தே அந்தச் செய்தித்தாளைக் கிழித்தேன். வண்டியில் உட்கார இடம் இருந்ததாம். பெண்கள் தங்கள் விருப்பப்படி நின்றுகொண்டு வந்ததால்தான் தூக்கி எறியப்பட்டார்களாம். வானொலியிலும் அதையே சொன்னார்கள். காப்பிக் கடையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் தடியன்கள், "இடம் இருந்தா உக்காந்து தொலைய வேண்டியதுதானே" என்று பேசினார்கள். இவன்கள் வீட்டுப் பெண்களும் அதே வண்டியில்தான் போகிறார்கள்!

முபாரகா நாற்பதாம் நாள் முடிந்து குழுவுக்கு வந்தாள். தேநீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"அக்கா, என் தங்கச்சி நிக்கணும்னு ஆசைப்பட்டு நிக்கல. செத்தும் அவ மேல பழி போட்டுட்டாங்க. அந்தப் பழி போகணும். நான் எழுதறேன்."

சங்கம் அப்போது அடுத்த புத்தகத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. புத்தகம் வெளியாகும் அன்று மாவட்ட ஆபீஸ் மண்டபத்தில், பண்ணை வண்டிகளுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் முன்னால் கட்டுரைகளை வாசிப்பதாக ஏற்பாடு. சரியான இடம், சரியான ஆட்கள். தலெந்தா மேசையைத் தட்டி, "எழுது புள்ள. அவனுங்க மூஞ்சிக்கு நேரா வாசிக்கலாம்" என்றாள். ஹாத்தெமை முதல் கண்ணாகப் போட்டாள்.

எல்லோருக்கும் நகல் வந்த ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. கட்டுரை அசலாக இருந்தது. யார் கூட்டிப்போவது, எங்கே ஏற்றுவது, கூலியில் வண்டிக்காரனுக்கு எவ்வளவு போகிறது, எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு வரி. 'பெண் தொழிலாளர்கள் ஏறுவதற்கு முன்பு ஓட்டுநர் வண்டியின் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிடுவார்; குளிரில் ஈரத்தின்மேல் உட்கார முடியாது; நின்றால் இரண்டு பங்கு ஆட்கள் கொள்ளும்.'

எங்கள் மூன்று பேர் தாளிலும் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரே கேள்விதான். யார் பார்த்தது?

"இதை நான் முதல் கண்ணா படிக்கும்போதே யோசிச்சேன்" என்றான் ஹாத்தெம். "பயங்கரமான குற்றச்சாட்டு. சாட்சி யாரு? அந்த மலைப் பொம்பளைங்க யாராவது பேர் குடுப்பாங்களா? மறுநாள் வேலை போயிரும். சாட்சி இல்லாம இதை அச்சுல போட்டா டிரைவர் கோர்ட்டுக்குப் போவான். இந்த ஒரு வரியால மொத்தக் கட்டுரையும் விழுந்துரும்."

தலெந்தா பென்சிலைக் கடித்தாள். முபாரகா தன் கைகளைப் பார்த்தபடி இருந்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். சட்டப்படி அவள் பேசக் கூடாது. பேசவில்லை.

"மனசு வரல" என்றாள் தலெந்தா. "ஆனா நமக்கு நாமே வெச்ச சட்டம். என் வரியையும் அடிச்சிருக்கோம்." அடித்தாள். நாங்களும் அடித்தோம். பிறகு முபாரகாவின் முறை வந்தது. "இப்பச் சொல்லு" என்றாள் தலெந்தா.

"நீங்கள்லாம் படிச்சவங்க. சரி" என்றாள் முபாரகா. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டி பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை. பறிப்புக் காலம், அலுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துத் தரும்படி சிரீன் பக்கங்களை அனுப்பியிருந்தாள். தலெந்தா கடையில் நின்றபடி எனக்கு வாசித்துக் காட்டினாள். 'பெண் தொழிலாளர்கள் வண்டியில் நின்றுகொண்டே பயணம் செய்கிறார்கள்' என்ற இடத்தில் குரல் நின்றுபோயிற்று. மறுபடி வாசித்தாள். அடுத்த வரி ஓடை வளைவுக்குப் போய்விட்டது.

"ஸக்கிய்யா."

"என்ன?"

"அந்த நாசமாப்போன அறிக்கை என்ன சொல்லுச்சோ அதையேதான் நாமளும் சொல்லியிருக்கோம். நின்னாங்க. செத்தாங்க. அவ்வளவுதான் இதுல இருக்கு."

கடையை அப்போதே இழுத்து மூடினாள். நான் ஆபீஸில் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஷேர் டாக்ஸி பிடித்து மலைக்குப் போனோம். முபாரகா வீட்டு முற்றத்தில் மண் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை. மலைக்காரர்கள் விரோதியைக்கூட உட்காரச் சொல்பவர்கள்.

"தண்ணி ஊத்துனதை யாராவது பாத்தவங்க இருக்காங்களா?" என்று தலெந்தா எடுத்த எடுப்பில் கேட்டாள். "ஒரே ஒரு ஆளு போதும். நான் காலைப் பிடிச்சாவது கேக்கறேன்."

முபாரகா ரொட்டியைத் தட்டி அடுப்புச் சுவரில் அறைந்தாள்.

"நான் பாத்தேன்."

"நீ எப்பப் பாத்தே?"

"அன்னிக்குத்தான். நானும் வண்டியிலதான் இருந்தேன் அக்கா. ஸல்ஹா என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னா. என் பாவாடையெல்லாம் தண்ணி."

அவள் பேசிக்கொண்டே போனாள். வண்டி கவிழ்ந்ததும், போலீஸ் வருவதற்குள் நடக்க முடிந்தவர்கள் எல்லோரையும் ஓடிவிடச் சொல்லி ஓட்டுநர் கத்தியிருக்கிறான். ஆள் கணக்கு குறைவாகத் தெரிய வேண்டுமாம். ஓடாதவளுக்கு இனி எந்த வண்டியிலும் இடம் கிடையாது என்றிருக்கிறான். ஓடினார்கள். இவளும் ஓடினாள். அதனால்தான் அறிக்கையில் இவள் பெயரே இல்லை. சொந்த வீட்டு ஆட்களைத் தவிர யாரிடமும் சொல்லவுமில்லை.

"அப்ப ஏன் கட்டுரையில அதை எழுதல?" என்றேன் நான்.

"எழுதுனேனே! 'நாங்க நின்னோம், எங்க காலுக்குக் கீழ தண்ணி'ன்னுதான் மொதல்ல எழுதுனேன். ஹாத்தெம் அண்ணன்தான், ஆராய்ச்சிக் கட்டுரைல நானு நாங்கன்னெல்லாம் வரப்படாது, பெண் தொழிலாளர்கள்னு போடுன்னாரு. எல்லா எடத்துலயும் மாத்துனேன். மாத்துனதும் எல்லாருமாச் சேந்து யாரு பாத்ததுன்னு கேட்டீங்க."

"வாயைத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி!" தலெந்தாவின் குரல் உடைந்தது.

"எழுதுனவ வாயைத் தொறக்கப்படாதுன்னு சொன்னது யாரு?"

"முடிஞ்சப்புறம் கேட்டேனே!"

"முடிஞ்சப்புறம் அந்த வரியே இல்லையே அக்கா. அடிச்சுட்டுச் சொல்லுன்னா என்னத்தைச் சொல்ல? நீங்களும் என்னைய நம்பலேன்னு நெனச்சுக்கிட்டேன்."

தலெந்தா தன் நெற்றியில் ஓங்கி அறைந்துகொண்டாள். "என்னையச் செருப்பால அடிக்கணும். சட்டம் போட்டேனாம் சட்டம். செருப்பால அடிக்கணும்."

"அடிச்சு என்ன ஆவப்போவுது? தள்ளி நில்லுங்க, ரொட்டி கருகுது" என்றாள் முபாரகா.

அந்த ஞாயிறு ஹாத்தெமுக்குக் கிடைத்ததை எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது. அவன் ஆரம்பத்தில், "உலகம் பூரா அப்படித்தான் அக்கா எழுதறாங்க, நாங்கன்னா பொதுவாச் சொல்றான்னு நெனச்சேன்" என்று இழுத்தான். "உலகத்தைக் கொண்டுபோய் அடுப்புல போடு! எதிர்ல உக்காந்திருந்தாளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நான்தான் கேட்டேனா?" என்று தலெந்தா கத்தியதில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அதற்கப்புறம் ஹாத்தெம் கணினி முன்னால் உட்கார்ந்தான். முபாரகா சொல்லச் சொல்ல ஒரு எழுத்தையும் மாற்றாமல் தட்டச்சு செய்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான், நான் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

சிரீனுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தோம்.

"அச்சகத்துக்குப் போயிடுச்சு தலெந்தா மேடம். இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. அதோட அதிகாரிங்க நேர்ல வர்றாங்க. அவங்க மனசு கோணாம, தொனி கொஞ்சம் மென்மையா இருந்தா நமக்கே நல்லது."

"தொனியா? மூணு பேரு செத்திருக்காங்க, உனக்குத் தொனி வேணுமா? வரியைச் சேரு. இல்லேன்னா கட்டுரையைப் பிடுங்கி எடு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ஏன் மேடம் இவ்வளவு கோபப்படறீங்க?"

"உனக்கு ஏன் கோபம் வரல? மொதல்ல அதைச் சொல்லு!"

கடைசியில் புத்தகத்திலிருந்து கட்டுரையையே எடுத்துவிட்டார்கள். ஆனால் வாசிப்பவர்கள் பெயர் ஏற்கெனவே அழைப்பிதழில் வந்துவிட்டதால் முபாரகாவை நிறுத்த முடியவில்லை. நிகழ்ச்சிக்கு முன்பு தலெந்தா அவளைத் தனியே உட்காரவைத்துப் பேசினாள்.

"வேலை போயிரும் புள்ள. எந்த டிரைவரும் ஏத்த மாட்டான். உனக்குப் பதிலா நான் வாசிக்கறேன். என்னைய எவனும் ஒண்ணும் புடுங்க முடியாது."

"நீங்க வண்டியில இருந்தீங்களா அக்கா?"

தலெந்தா வாசிக்க வேண்டிய தாளை அவளிடமே கொடுத்தாள்.

மண்டபத்தில் முபாரகா குரல் நடுங்காமல் வாசித்தாள். நான் பார்த்தேன், நான் நின்றேன், என் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எங்கள் காலுக்குக் கீழே அவன் ஊற்றிய தண்ணீர். முன்வரிசையில் இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குறுக்கிட்டார்.

"வண்டியில் இருந்தவர்கள் பட்டியலில் உன் பெயர் இல்லையேம்மா?"

"இல்லதான். ஓடச் சொன்னாங்க, ஓடுனேன். என் தங்கச்சி கையை விட்டுட்டு ஓடுனேன். அதையும் எழுதிக்கோங்க."

"சரி, சரி. குறித்துக்கொள்கிறோம்" என்றார் அவர்.

"பேனாவையே எடுக்கலையே, எதை வெச்சுக் குறிப்பீங்க?" என்று பின்வரிசையிலிருந்து தலெந்தா எழுந்து நின்று கத்தினாள். சிரீன் அவள் மேலங்கியைப் பிடித்து இழுத்தாள். தலெந்தா அசையவில்லை. கடைசியில் அந்த ஆள் பக்கத்தில் இருந்தவனிடம் பேனா வாங்கி எதையோ கிறுக்கினார். அதற்குப் பிறகு மாவட்ட ஆபீஸிலிருந்து ஒரு துண்டுத் தாளும் வரவில்லை. எங்கள் ஊருக்கு வரும் கடிதமெல்லாம் என் கை வழியாகத்தான் போகிறது, அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

மண்டபத்தில் வாசித்ததற்கு மறுநாள் விடியற்காலை முபாரகா எப்போதும்போல வண்டி நிற்கும் முனைக்குப் போனாள். போகாதே என்று சொல்லியும் போனாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் தலெந்தாவும் முந்தைய நாளே அவள் வீட்டில் தங்கி, கூடவே போனோம். மலைப் பெண்கள் தலைத்துணியை வாய்வரை இழுத்துக் கட்டிக்கொண்டு குளிரில் நின்றிருந்தார்கள். ஒருத்தியும் எங்களிடம் பேசவில்லை. எனக்கு அவர்கள் மேலும் கோபம் வந்தது, உண்மைதான்.

பிக்கப் வந்தது. அதே ஆள்தான், வேறு வண்டி. இறங்கி, முபாரகாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "இவ வேண்டாம். மத்தவங்க ஏறுங்க" என்றபடி முன்சீட்டுக்குப் பின்னாலிருந்து வாளியை எடுத்தான். பாதையோரக் குழாயில் நிரப்பினான். பின்பக்கத் தட்டியைத் திறந்தான்.

வண்டியடியில் நின்ற பெண்களில் பல்லெல்லாம் விழுந்த ஒரு கிழவி தலைத்துணியை வாயிலிருந்து இறக்கினாள்.

"ஊத்துடா, பாக்கலாம்" என்றாள். "முபாரகா அங்கதான் நிக்கிறா. எழுதிப்புடுவா."

ஒருத்தி சிரித்தாள். அவன் எங்களைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான். வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு முன்சீட்டில் எறிந்தான். பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறி, முட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். எழுந்து நிற்கச் சொல்லிக் கத்திப் பார்த்தான். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. இடம் நிரம்பியதும் மிச்சமிருந்தவர்களை ரோட்டிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

முபாரகாவுக்கு அன்றைக்கு வேலை இல்லை. அதற்கப்புறமும் எந்த வண்டியும் அவளை ஏற்றவில்லை. வண்டி ஓடை வளைவில் திரும்பி மறைகிறவரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உக்காந்திருக்காங்க அக்கா" என்றாள் தலெந்தாவிடம். "எல்லாரும் உக்காந்துதான் போறாங்க."